சாம்பல் நாரையின் இடப்பக்கம்

ஹெப்சியின் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கூடத்துக் கண்ணாடி பீரோவைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்ததை மறந்துவிடுவார்கள். ஆம்பூரில் அந்த மாதிரி பீரோவுக்கென்று ஒரு முறை இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட், யாரும் என்றைக்கும் குடிக்காத ஆறு கண்ணாடி டம்ளர், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வாங்கிய கோப்பை. ஹெப்சி வீட்டு டின்னர் செட் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. பீரோவில் நிற்பவை விண்கலங்கள். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கறுப்புத் தாங்கியின் மேல் பறக்கிற வாக்கில். கீழ்த்தட்டில் அவற்றுக்குரிய நாற்பத்தொரு பத்திரிகைகள், எண் வரிசை தப்பாமல்.

"பையனோடதா?" என்று கேட்பார்கள்.

"என்னோடது" என்பாள். அவளுக்குப் பையனே கிடையாது. இருப்பது வேலூரில் நர்சிங் படிக்கிற ஒரே மகள். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். சபையில் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டில் வாலாட்டாத பீங்கான் நாய் நாலு வைத்திருப்பவர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, எந்தக் காலத்திலோ நடக்கப்போவதாக நீளமான விண்வெளிக் கதை ஒன்றைக் கற்பனை பண்ணி, அதில் வருகிற எழுபது கலங்களை உலோகத்தில் வார்த்து, கலத்துக்கு ஒரு பத்திரிகை சேர்த்து மாதம் ஒன்றாக விற்றது. கலம் யாருடையது, எங்கே கட்டினார்கள், எஞ்சின் எந்த இடத்தில், எந்தச் சண்டையில் எந்த இறக்கை போனது, எல்லாம் பத்திரிகையில் இருக்கும். அந்தக் கம்பெனியை மூடி வெகுநாள் ஆகிறது. இப்போது யாராவது பழசை விற்றால் வாங்குவதுதான்.

ஹெப்சி கைக்கு முதலில் வந்தது ஏழாம் எண். அவள் வேலை செய்கிற ஷூ கம்பெனிக்குச் சரக்கைப் பார்வையிட வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் மேஜையில் விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். பின்னாலேயே ஓடி எடுத்துக்கொடுத்தாள். அவர் கையை ஆட்டி, நீயே வைத்துக்கொள் என்றார். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள், அந்த இருபது பக்க ஆங்கிலப் பத்திரிகையைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து இரண்டு மாதத்தில் படித்து முடித்தாள். கம்பெனி பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், துணி ஊறப்போட்ட இடைவெளியில். முடித்தபோது அந்தக் கலத்தின் தண்ணீர்த் தொட்டி எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது வரை அவளுக்கு மனப்பாடம். சொந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வால்வு எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் புருஷன் ஜெஸ்டனைத்தான் கேட்க வேண்டும்.

கம்பெனியில் அவள் வேலை ஜோடி சேர்ப்பது. ஒரு ஷூவின் மேல்தோலுக்கு அப்பர் என்று பெயர். இடது கால் அப்பர்கள் ஒரு பக்கம், வலது கால் அப்பர்கள் ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். நிறத்திலும், தோலில் மயிர் இருந்த இடத்துப் புள்ளிகளான மயிர்க்கண்ணிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற இரண்டைத் தேடிச் சேர்க்க வேண்டும். கறுப்பில் மட்டும் ஒன்பது கறுப்பு உண்டு என்பாள். ட்யூப்லைட் வெளிச்சத்தை நம்பமாட்டாள், ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சேர்த்த ஜோடி திரும்பி வந்ததாகப் பேச்சே கிடையாது. பழக்கம் முற்றிப்போய், ஆராதனையில் முன்வரிசைக்காரர்களின் செருப்பைப் பார்த்து, "அந்தம்மாவோட லெஃப்ட் ஒரு ஷேடு கம்மி" என்று ஜெஸ்டன் காதில் சொல்வாள். அவன் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

இந்தக் கண்தான் அவளைக் கவிழ்த்தது.

வாணியம்பாடியில் ரஃபத் ஜஹான் என்று ஒரு டீச்சர். பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் எழுபதில் அறுபத்தாறு கலங்கள் இருக்கின்றன. அவரும் அவர் தம்பி தௌசீப் அகமதுவும் சேர்ந்து சேர்த்தவை. தம்பி தோல் ஷெட்டில் வண்ணம் அடிக்கிற வேலை பார்த்தவர், கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். அதற்கு அடுத்த வருஷம் ஒரே பழைய கலத்துக்கு ஹெப்சியும் டீச்சரும் போட்டி போட்டு விலை கேட்க, விற்கிறவர் அலுத்துப்போய், "ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே, நீங்களே பேசிக்குங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டார்.

"நீயே எடுத்துக்கோம்மா" என்றார் டீச்சர் போனில். "ஆனா கொண்டாந்து எனக்குக் காட்டிட்டுத்தான் போவணும்."

அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஹெப்சி பஸ் ஏறிவிடுவாள். டீச்சர் வீட்டு மாடி அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வாய் ஓயாது. காற்றே இல்லாத இடத்தில் ஓடுகிற கலத்துக்கு இறக்கை எதற்கு என்பது டீச்சரின் தீராத குறை.

"செருப்புல சும்மா ஒரு பக்கிள் வெக்கிறோமே, அது எதுக்கு டீச்சர்? அழகுக்குத்தான்" என்பாள் ஹெப்சி.

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஹெப்சியின் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கிற இன்னொரு ஆள் இந்த உலகத்தில் கிடையாது. அதை அவள் நன்றாக அறிந்துவைத்திருந்தாள்.

போன பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறு, டீச்சர் வீட்டில் ஒட்டடை அடித்தவர் கை பட்டு முப்பத்துமூன்றாம் எண் கலத்தின் ஆன்டெனா முறிந்துவிட்டது. அந்தக் கலத்துக்குப் பெயர் சாம்பல் நாரை. நீண்ட கழுத்து, பின்னால் சாய்ந்த இரண்டு இறக்கை. ஹெப்சியிடம் இல்லாத எண் அது, அதன் கதையையும் அவள் இன்னும் படித்ததில்லை. டீச்சர் அதைப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக் கொடுத்தார்.

"நான் இதை யார் கையிலயும் குடுத்ததில்ல. உன் கை சுத்தமான கை. ஆன்டெனா மட்டும் ஒட்டிக் குடு, போதும்."

பத்திரிகையைக் கொடுக்கவில்லை. பத்திரிகைகள் டீச்சர் வீட்டுப் படி தாண்டாது, அது அங்கே சட்டம்.

செவ்வாய்க்கிழமை ஏதோ பண்டிகை விடுமுறை. காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே ஹெப்சி ஜன்னலோரம் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து கலத்தைக் கையில் எடுத்துத் திருப்பினாள். வலப்பக்கம் சுத்தமான சாம்பல் நிறம். இடப்பக்கம் கழுத்திலிருந்து இறக்கை வரை பழுப்பு படர்ந்து, அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தது. பாவம், வெயில் பட்டோ எண்ணெய் பட்டோ இப்படி ஆகியிருக்கிறது, டீச்சருக்கு வயசான கண், கவனித்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். இடதும் வலதும் ஒத்துப்போகாத ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்றால் அந்தக் கை சும்மா இருக்குமா? பெயின்ட் கரைக்கிற தின்னரில் பஞ்சை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். பழுப்பு அப்படியே கையோடு வந்துவிட்டது. கலத்தை வார்த்த கம்பெனியே சுட்டுப் பதித்த வண்ணம் அவ்வளவு லேசில் வராது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். காரியம் சுலபமாக நடந்தபோதாவது ஒரு சந்தேகம் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. பத்து நிமிஷத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சரக்கு தேறினால் சொல்கிற 'பாஸ்' என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் ஆன்டெனா எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. டீச்சருக்கு வாட்ஸாப்பில் கேட்டாள். டீச்சர் பத்திரிகையின் நடுப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்.

படத்தில் சாம்பல் நாரையின் இடப்பக்கம் கருகியிருந்தது.

ஹெப்சி படத்தைப் பெரிசாக்கி வரி வரியாகப் படித்தாள். வெடிக்கப்போகிற ஒரு சூரியனுக்கு அருகே ஆராய்ச்சி நிலையம் ஒன்று மாட்டிக்கொள்கிறது. சாம்பல் நாரை அதற்கும் சூரியனுக்கும் குறுக்கே போய், தன் இடப்பக்கத்தை நெருப்புக்குக் காட்டிக்கொண்டு பதினோரு மணி நேரம் நிற்கிறது. அந்த நிழலில் வலப்பக்கக் கதவு வழியாக முந்நூறு பேர் ஏறித் தப்புகிறார்கள். அந்தத் தீக்காயத்தின் மேல் யாரும் எக்காலத்திலும் வண்ணம் பூசக் கூடாது என்று கலத்தின் தலைவி உத்தரவு போடுகிறாள்.

ஹெப்சி போனைக் கீழே வைத்தாள். பேப்பரில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். பழுப்பு முழுக்க அதில் இருந்தது.

ஜெஸ்டன் கம்பெனி பஸ் டிரைவர், எந்தப் பிரச்சினைக்கும் ஒரு குறுக்குச் சாலை வைத்திருப்பவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இந்தப் பேஜார்? படம்தான் இருக்குதே. பார்த்து அதே மாதிரி பூசிக் குடுத்துடு. டீச்சருக்கு இன்னா தெரியப்போவுது" என்றான்.

அதில் தப்பில்லை என்றுதான் அன்றைக்கு அவளுக்கும் பட்டது. கம்பெனி கலர் ரூமில் கேட்டு மிச்சம் மீதியாக இரண்டு பழுப்பும் ஒரு கறுப்பும் சின்ன டப்பாக்களில் வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து, ஆன்டெனாவையும் ஒட்டி, வெளிச்சம் போவதற்குள் பூசி முடித்தாள். நிஜமாகவே பிரமாதமான வேலை. படத்தில் எங்கே கருமை ஜாஸ்தியோ அங்கே ஜாஸ்தி, எங்கே கம்மியோ அங்கே கம்மி. ஜெஸ்டன் போனையும் கலத்தையும் மாறிமாறிப் பார்த்து, "கர்த்தரே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு" என்றான்.

அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை முழுக்க மேஜையில் அப்பர் அப்பராகப் புரட்டினாள், மனசு அதில் இல்லை. கம்பெனியிலும் இதைச் செய்கிறவர்கள் உண்டு. ஒத்துப்போகாத தோலில் வண்ணத்தை ஒற்றி ஜோடியாக்கித் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒரு ஜோடி கண்ணில் பட்டால் மேஜையைத் தட்டி ஊரைக் கூட்டுகிறவள் அவள். இப்போது தன் கையால் ஒரு பொய்யைச் செய்து டிபன் டப்பாவில் வைத்திருக்கிறாள். டீச்சர் நம்புவார், அது நிச்சயம். அதற்கப்புறம் அந்த மாடி அறையில் உட்கார்ந்து எந்த முகத்தோடு சிரிப்பது?

ஞாயிறு காலை சபைக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்தவள், தின்னர் பாட்டிலைத் திறந்து, தான் பூசியதை முழுக்கத் துடைத்துவிட்டாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று ஜெஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சொன்னா அந்தம்மா உன்ன வீட்டுப் பக்கமே சேர்க்கமாட்டாங்க."

"தெரியும்" என்றாள்.

வாணியம்பாடி போய்ச் சேரும் வரை மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கதவைத் திறந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தது, படம் பார்த்துத் தெரிந்தது, பூசியது, பூசியதையும் துடைத்தது, ஒன்றையும் விடவில்லை.

ரஃபத் ஜஹான் டப்பாவை வாங்கித் திறந்து கலத்தைத் திருப்பிப் பார்த்தார். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கு வந்த பீஸ்ல தீக்காயமே இல்ல ஹெப்சி" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "மொத்த வரிசையிலயும் பெயின்ட் அடிக்க விட்டுட்டான் அந்தக் கம்பெனிக்காரன். தௌசீபுக்கு வந்துச்சே கோவம். முந்நூறு பேர காப்பாத்துன கப்பல இப்படிக் குளிப்பாட்டி அனுப்பிருக்கானேன்னு ஒரு வாரம் பொலம்பினான். அப்புறம் ஷெட்லருந்து பழுப்பு கொண்டாந்து, இதே எடத்துல ஒக்காந்து, கட்டைவிரலால தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சான். இறக்கைக்குக் கீழ அவன் ரேகை அப்படியே பதிஞ்சிருந்தது. அவன் போட்டோ நெறைய இருக்குது. ரேகை அது ஒண்ணுதான்."

ஹெப்சி கழற்றாத செருப்போடு வாசலிலேயே நின்றாள்.

"நீ பூசிக் கொண்டாந்திருந்தா பார்த்த ஒடனே தெரிஞ்சிருக்கும். நான் மொதல்ல அந்த எடத்ததான் பார்ப்பேன்." டீச்சர் கலத்தைப் பஞ்சுக்குள் வைத்து மூடினார். "நீ சொன்னது பெரிய விஷயம். ஆனா இப்ப நீ போய்ட்டு வாம்மா. என்னால முடியல."

டீ கிடைக்காமல் அந்த வீட்டிலிருந்து திரும்பியது அன்றைக்குத்தான். பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆம்பூர் வரை அழுதாள். ஒரு மனுஷனின் கடைசி அடையாளத்தை, அழுக்கு என்று சொல்லித் துடைத்துப் போட்டுவிட்டோமே என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஹெப்சி பீரோவைத் திறக்கவே இல்லை, நாற்பத்தொரு கலங்களின் மேலும் மெல்லிசாகத் தூசி படிந்தது. பொறுக்க முடியாமல் ஜெஸ்டனே ஒருநாள் துணியை எடுக்க, "தொடாதீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் தொடைக்கிற ராசி இல்ல" என்று சொல்லிவிட்டாள். நாலாவது சனிக்கிழமை டீச்சரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'நாளைக்கு வா. பழுப்பு கொண்டு வா.'

போனாள். மாடி அறை மேஜையில் சாம்பல் நாரை தாங்கியோடு நின்றது, பக்கத்தில் பத்திரிகை திறந்திருந்தது. டீச்சர் அந்த ஒரு மாதத்தில் இளைத்திருந்தார்.

"பூசு" என்றார்.

ஹெப்சி பிரஷ்ஷை எடுத்தாள்.

"அது வேணாம். விரலால."

"டீச்சர், அது உங்க தம்பி ரேகை இருந்த எடம். என்னோடது வேற."

"எனக்குத் தெரியாதா வேறன்னு? அவன் மாதிரியே பண்ணுன்னு நான் கேக்கல. இத்தன நாளா அத வெறுமையா பார்த்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். யாரோ ஒருத்தர் வெக்கணும்னா நீ வெய்யி. பொய் சொல்ல வழி இருந்தும் வாசல்ல நின்னு உண்மைய சொன்னவ நீ. உன் ரேகை இருக்கட்டும்."

ஹெப்சி கட்டைவிரலைப் பழுப்பில் தோய்த்தாள். கழுத்திலிருந்து ஆரம்பித்து, படத்தைப் பார்க்காமல் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தாள். இறக்கைக்குக் கீழே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை அழுத்தி எடுத்தாள்.

டீச்சர் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து குனிந்து பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார்.

"கோடே விழலியே ஹெப்சி."

"விழாது டீச்சர்." ஹெப்சி விரலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷமா தோலத் தடவித் தடவித் தேஞ்சுபோச்சு. ரேஷன் கடை மெஷின்லகூட எடுக்கமாட்டேங்குது. வீட்டுக்காரரத்தான் அனுப்பறேன்."

டீச்சர் கையை நீட்டி அந்த விரலைப் பிடித்து வெளியே இழுத்தார். பழுப்புக்கு அடியில் அது வழவழவென்று இருந்தது. தன் விரலால் அதைத் தடவிப் பார்த்தார், வெகுநேரம் விடவில்லை.

"இவ்ளோ தேய்ஞ்ச கையா இது" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது.

பிறகு கலத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். இத்தனை வருஷமும் வலப்பக்கம் தெரிய நின்றதை, இடப்பக்கம் அறையைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, டீ போடக் கீழே இறங்கிப் போனார்.